கார் கொட்டகையில் கலை, குடிசையில் குற்றமா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் சேமிப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு கடன் மனு படிக்கப்பட்டது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு, ஊரில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு, தையல் மிஷினுக்கு என்று வழக்கமாக வரும் மனுக்களுக்கு நடுவே இது புதுவிதமாக இருந்தது. நம் வஸ்தியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம் காலஞ்சென்ற தகப்பனார் ஆட்டோ நிறுத்தி வந்த தகரக் கொட்டகையைச் சுத்தம் செய்து, அதிலே பீர் தயாரிக்க 60,000 ரூபாய் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

செயலாளர் படித்து முடிப்பதற்குள் ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பிவிட்டது. பெண்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. "சீட்டுக் காசைப் போட்டு சாராயக் கடை வைக்கவா இத்தனை வருஷம் சேர்த்தோம்?" என்று ஓர் அம்மாள் எழுந்து கேட்டார். கூட்டம் அத்துடன் கலைந்திருக்கும். ஆனால் அந்த இளைஞர் உட்காரவில்லை. தம் கைப்பேசியை எடுத்து, வரிசையாகப் படங்களைக் காட்டினார். பானேர் பக்கம் ஒரு பங்களா. கார் நிற்க வேண்டிய இடத்தில் பளபளக்கும் எவர்சில்வர் பானைகள், குழாய்கள், வெப்பமானி, பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்று. அரைக்கால் சட்டை போட்ட நாலு கனவான்கள் கையில் கண்ணாடிக் கோப்பையுடன் நிற்கிறார்கள். அதன் கீழே "எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கலை" என்ற பொருளில் ஒரு வாசகம்.

"இவங்களுக்கு டாங்கி கழுவுறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அவங்க செஞ்சா ஹாபி, நான் செஞ்சா மட்டும் ஏன் சாராயக் கடை?" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடன் கொடுக்கலாகாது என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு தொழிலாளி நியாயமான கேள்வியைக் கேட்டு, சங்கம் என்ற பெயரில் நாம் அவரைச் சிரித்து உட்கார வைத்துவிட்டோம். அவருக்குச் சேர வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். பதிலின் ஒரு பாதி அவருக்குப் பிடிக்காது. மற்றொரு பாதி நம்மில் பலருக்குப் பிடிக்காது.

முதலில் அந்த இளைஞர் யார்? முண்ட்வா பக்கம் சொந்தமாகப் பீர் வடிக்கும் உணவகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகத் துப்புரவு வேலை. வேலைக்குச் சேர்ந்தபோது தரையைக் கழுவினார், பிறகு டாங்கியைக் கழுவினார். கண் பார்த்ததைக் கை செய்தது. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரிச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாவு சர்க்கரையாகிறது; அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவினால் ஒரு வாரம், பத்து நாளில் பொங்கி அடங்குகிறது. ஐந்து கிலோ பார்லியில் இருபது லிட்டர் பீர். இவ்வளவையும் அவர் ஒரு பேப்பர், பேனா இல்லாமல் எங்களுக்குச் சொன்னார். நம் பிள்ளைகளில் ஒருவன் படிக்காத படிப்பைத் தண்ணீர்க் குழாயும் துடைப்பமுமாக நின்று படித்திருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமையே. அந்த உணவகத்தில் அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

பங்களாக்காரருக்குச் சட்டம் அனுமதி கொடுத்திருக்கிறது, நமக்குக் கொடுக்கவில்லை என்று நம் இளைஞர் நினைக்கிறார். அது தவறு. பங்களாக்காரருக்கும் அனுமதி கிடையாது! 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம்தான் இப்போது மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று பெயர் மாறி இன்றும் நம் தலைமேல் நிற்கிறது. அதன் 12-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் மது தயாரிக்கலாகாது, வடிசாலையோ பீர் ஆலையோ அமைக்கலாகாது என்கிறது. 65-ஆவது பிரிவு, மீறினால் சிறையும் அபராதமும் என்கிறது. தயாரித்தால் மட்டுமல்ல, தயாரிப்பதற்காகப் பாத்திரமும் பண்டமும் வைத்திருந்தாலே குற்றம். 'என் வீட்டில், என் வாய்க்கு, என் நண்பர்களுக்கு' என்று ஒரு விதிவிலக்கு அதில் பீருக்கு எழுதப்படவில்லை. பானேரில் காய்ச்சினாலும் பாட்நகரில் காய்ச்சினாலும் அதே பிரிவுதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? சட்டப் புத்தகத்தில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது. பங்களாவின் வாசலில் செக்யூரிட்டி நிற்கிறார், அவர் போலீஸ் ஜீப்பைப் பார்த்து, 'யாரைப் பார்க்க வேண்டும், பெயர் எழுதுங்கள்' என்று கேட்பார். நம் கொட்டகைக்குக் கதவே கிடையாது, சாக்குப் படுதாதான். மராத்தி நாளிதழ்களைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும்: இன்ன ஓடைக்கரையில் ஹாத்பட்டி மீது ரெய்டு, இத்தனை ஆயிரம் லிட்டர் 'கச்சே ரசாயன்' அழிப்பு, கருப்பு வெல்லம் ஏற்றி வந்த டெம்போ பறிமுதல். பங்களாவின் கார் கொட்டகையில் இருபது லிட்டர் பீர் கொட்டப்பட்டது என்ற செய்தியை நான் இதுவரை படித்ததில்லை. பார்லியும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் அவர்களுக்குத் தபால் பார்சலில் வீடு தேடி வருகின்றன. நம் வஸ்தியில் பத்துக் கிலோ கருப்பு வெல்லம் வாங்கினால் கடைக்காரரே முகத்தைப் பார்க்கிறார்.

சொல்லைக்கூடக் கவனியுங்கள். அவர்கள் வீட்டில் பொங்கினால் அது 'ஃபெர்மென்டேஷன்'. நம் வீட்டில் பொங்கினால் அது 'ஊறல்'. ஊரில் நாம் சிறுவராக இருந்த காலத்திலிருந்து அந்தச் சொல்லைப் போலீஸ் செய்தியில் மட்டுமே கேட்டிருக்கிறோம்: 'பேரல் பேரலாக ஊறல் அழிப்பு'!

இந்தச் சட்டம் பிறந்த கதையையும் சொல்லியாக வேண்டும். மொரார்ஜி தேசாய் பம்பாய் மாகாண மந்திரியாக இருந்து பிடிவாதமாகக் கொண்டுவந்த மதுவிலக்கு 1950-இல் மாகாணம் முழுவதும் வந்தது. ஏழை குடித்தால் குற்றம். பணக்காரருக்கோ, 'இவருக்கு உடல்நலத்துக்காக மது தேவை' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெர்மிட்! இன்றும் புனேயின் எந்தச் சாலையில் போனாலும் மதுக்கடைப் பலகையில் 'பெர்மிட் ரூம்' என்று இருக்கிறதே, அது அந்தக் காலத்தின் எச்சம். இன்றும் சட்டப்படி குடிப்பவர் பெர்மிட் எடுத்துத்தான் குடிக்க வேண்டும். ஆயுள் முழுவதற்கும் ஆயிரம் ரூபாய். எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அந்த விலக்கின் நிழலில்தான் பம்பாயின் சதுப்பு நிலங்களில் கள்ளச்சாராயம் செழித்தது. தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் அதைக் காய்ச்சியவர்களில், சுமந்தவர்களில், அடிபட்டுச் செத்தவர்களில் நம்மவர் நிறையப் பேர். தூத்துக்குடியில் பிறந்து, விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கி, பிறகு சாராயத்தால் பெரிய ஆளான வரதராஜ முதலியாரைப் பற்றி இன்றும் சிலர் மீசையை முறுக்கிக்கொண்டு பேசுகிறார்கள். சினிமாவும் வந்தது. நான் மீசை முறுக்க மாட்டேன். மாதுங்காவில் பிரம்மாண்டமாகப் பிள்ளையார் பந்தல் போட்டார், ஏழைக்கு உதவினார் என்பதெல்லாம் சரி. ஆனால் அவர் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு தமிழ்த் தாயின் சமையலறையிலிருந்து போனது. அவர் போய்விட்டார், 'மதராஸி என்றால் தாரு' என்ற பட்டப்பெயரை நம் தலையில் வைத்துவிட்டுப் போனார். வாடகைக்கு வீடு கேட்டு நின்ற நம் பெரியவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுத் தலைகுனிந்தார்கள். நம்மைவிட மோசமாகச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். யெரவடாவிலும் பாட்நகரிலும் வாழும் கஞ்சார்பாட் மக்களை, பிறப்பிலேயே குற்றவாளி என்று வெள்ளைக்காரன் 1871-இல் எழுதி வைத்தான். 1952-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். பார்க்கும் பார்வை நீங்கியதா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பிறகு 1981-இல் மகாராஷ்டிர சர்க்கார் இன்னொரு சட்டம் கொண்டு வந்தது. குடிசைப் பகுதிப் பிரபுக்கள், கள்ளச்சாராயக்காரர்கள், போதைப் பொருள் குற்றவாளிகளின் ஆபத்தான நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அடுத்த ஆண்டே, 1982-இல், நம் சொந்தத் தமிழ்நாட்டில் அதே மாதிரி ஒன்று. நாம் குண்டர் சட்டம் என்று சொல்கிறோமே, அதுதான். இரண்டு மாநிலங்களும் மொழியில், அரசியலில் எதிலும் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போயின. இந்தச் சட்டங்களில் ஒரு பெரிய எரிசாராய முதலாளி சிக்கினான் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிக்குகிறவர்கள் அவர்களா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வரிசையில் ஓர் அக்கா இருந்தார். புருஷனுக்குக் கல் குவாரியில் கால் போய்விட்டது. நஷ்டஈடு என்று ஒரு காசு வரவில்லை. அக்கா வெல்லமும் பட்டையும் வாங்கி, மண்ணில் பானையைப் புதைத்து, ராத்திரியில் காய்ச்சினார். வாரா வாரம் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து ஹப்தா வாங்கிக்கொண்டு போவார். போகும்போது எங்களுக்கு மிட்டாய்கூடக் கொடுப்பார். ஒருநாள் வேறு அதிகாரி வந்தார். பானையை உடைத்தார்கள், அக்காவை முடியைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். ஹப்தா வாங்கியவரும் அந்த வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்க்காமல். அக்கா திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. என் வகுப்பில் படித்த அவருடைய மூத்த பெண் அந்த எட்டு மாதத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பிறகு பள்ளிக்கூடம் வரவேயில்லை. அவள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

அக்கா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவர் காய்ச்சியதைக் குடித்து என் சித்தப்பா வீட்டுக்கு வந்து என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

சரி, உரிமம் எடுத்துச் செய்யலாமே என்பார்கள். செய்கிறார்கள். 2009-இல் இதே புனேயில் 'டூலாலி' என்ற பெயரில் ஒரு சிறு பீர் ஆலை திறக்கப்பட்டது. இந்த நாட்டின் முதல் சிறு பீர் ஆலைகளில் ஒன்று அது. நாசிக் அருகே தேவ்லாலியில் கப்பலுக்குக் காத்திருந்து பைத்தியம் பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உருவாக்கிய சொல் அந்தப் பெயர்! அதன் பிறகு முண்ட்வா, ஹடப்ஸர் என்று பல வந்துவிட்டன. தேனிலிருந்து மது செய்யும் ஒரு புனே நிறுவனமோ, கள்ளச்சாராயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மூன்ஷைன்' என்ற பெயரையே கம்பெனிப் பெயராக வைத்திருக்கிறது. உரிமம் வாங்கி, வரி கட்டி, சுத்தமாகச் செய்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் அக்காவை வண்டியில் ஏற்றிய சொல், அவர்களுக்கு லேபிளில் அழகாக இருக்கிறது.

அந்த உரிமம் நம் இளைஞருக்குக் கிடைக்குமா? இடம், இயந்திரம், கட்டணம், தீயணைப்பு, மாநகராட்சி என்று லட்சங்களில் தொடங்கிக் கோடியில் போய் முடியும் வேலை அது. இருபது லிட்டர்க்காரனுக்கென்று சட்டத்தில் ஒரு படி கிடையாது. மேல் மாடிக்கு லிப்ட் வைத்துவிட்டு, படிக்கட்டு கட்ட மறந்த வீடு மாதிரி இருக்கிறது இந்தச் சட்டம்.

'வீட்டில் செய்வது விஷம், ஜனங்கள் சாகிறார்கள், அதனால்தான் தடை' என்று கலால் இலாகா சொல்லும். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதிலேதான் நம் மக்களின் உயிர் இருக்கிறது. 2015 ஜூனில் மும்பை மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நம் சங்கத்திலேயே அந்த மாவட்டத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த வாரம் போன் மணி அடித்தாலே அவர்கள் நடுங்கினார்கள். இவர்களைக் கொன்றது என்ன? பானையில் பொங்கிய வெல்லமா? இல்லை. மெத்தனால். பெயின்ட்டுக்கும் வார்னிஷுக்கும் பிசினுக்கும் ரசாயன ஆலைகளில் டாங்கர் டாங்கராகத் தயாராகும் விஷம். வாசனையில் சாராயம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணைக் குருடாக்கி, பிறகு ஆளைக் கொல்லும். வெல்லத்தையோ பார்லியையோ புளிக்க வைத்தால் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. அது ஆலையிலிருந்து திருடப்பட்டு, கைமாறி, கைமாறி, பாக்கெட்டில் அடைபட்டு வருகிறது.

ஊறல் போட்டுக் காய்ச்ச நாளாகும், இடம் வேண்டும், புகை வரும், மணம் வரும், பிடிபடுவான். ஒரு கேன் மெத்தனாலில் தண்ணீர் கலக்க ஒரு பக்கெட் போதும்! பானையை விரட்டி விரட்டி உடைத்ததில் மிச்சமானது கேன். குடிசையின் பானையை மோப்பம் பிடிக்கத் தெரிந்த இலாகாவுக்கு, ஆலையின் கேட்டைத் தாண்டிப் போகும் டாங்கர் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

(இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலிவுச் சாராயம் குடித்தவருக்குப் பார்வை மங்கினால், வயிறு பிரட்டினால், 'போதை தெளியட்டும்' என்று படுக்க வைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரி. மெத்தனாலுக்கு முறிவு மருந்து உண்டு. ஆனால் நேரத்தோடு போக வேண்டும். போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருந்ததால்தான் பலர் செத்திருக்கிறார்கள்.)

வேறு நாடுகள் என்ன செய்தன? இங்கிலாந்தில் வீட்டில் பீர் வடிக்க 1880 முதல் உரிமம் வேண்டியிருந்தது. 1963-இல் அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், ஒரு வீட்டில் வயது வந்தவர் இருவர் இருந்தால் ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் பீர், வரியில்லாமல் சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம் என்றது. விற்கக்கூடாது. காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைக்காரன் நாட்டுக் கதை நமக்கெதற்கு என்றால், பக்கத்து மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். பழங்குடி மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு மகுவா வடித்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே 'சொந்த உபயோகம்' என்ற ஒன்றை அறியாத நாடல்ல இது.

தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் யோக்கியனல்ல. பனை மரத்திலிருந்து இறக்கிய கள், பீர் அளவுக்கே போதையுள்ளது, தானாகவே புளிப்பது, காய்ச்சவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம். அதற்கு 1987 முதல் தடை. மரமேறி இறக்கினால் வழக்கு. அதே சர்க்கார் 2003 முதல் தானே சில்லறைக் கடை திறந்து டாஸ்மாக்கில் விற்கிறது; 2023-24-இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். இங்கே மகாராஷ்டிர சர்க்கார் 2025 ஜூனில் 14,000 கோடி ரூபாய் கூடுதல் வருமானம் வேண்டுமென்று மதுவின்மேல் தீர்வையை ஏற்றியது. நாட்டுச் சரக்கு முதல் விஸ்கி வரை விலை ஏறிற்று. பீருக்கும் ஒயினுக்கும் அந்த உயர்வு இல்லை. எந்தக் கோப்பை யார் கையில் இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரியாதா என்ன? இரண்டு சர்க்காரும் குடிக்கு விரோதிகள் அல்லர். தங்கள் கல்லாப் பெட்டிக்கு வெளியே நடக்கும் குடிக்குத்தான் விரோதிகள்.

இவ்வளவும் எழுதிய பிறகு, கடனுக்கு எதிராக ஏன் கை தூக்கினேன் என்று நம் இளைஞர் கேட்பார்.

தம்பி, பானேர் கனவானிடம் நீ கண்ட துணிச்சல் பீரில் இருந்து வந்ததல்ல. அவர் வக்கீலின் போன் நம்பரில் இருந்து வந்தது. உன்னிடம் அது இல்லை. அவர் பிடிபட்டால் பத்திரிகையில் 'பொழுதுபோக்கு விபரீதம்' என்று எழுதுவார்கள். நீ பிடிபட்டால் 'தமிழர் வஸ்தியில் மது ஆலை' என்று எழுதுவார்கள். உன்னுடன் சங்கத்தின் சேமிப்புப் புத்தகமும் ஜப்தியாகும். அதில் நாற்பது வீட்டுப் பணம் இருக்கிறது. இன்னொன்று, நீ சொன்ன தகரக் கொட்டகைக்கு ஒட்டினாற்போல் இன்றும் மூன்று சிஎன்ஜி ஆட்டோக்கள் நிற்கின்றன. அங்கே மணிக்கணக்காகக் காஸ் அடுப்பை எரிய விடுவதா? பங்களாவில் சுற்றிலும் தோட்டம் இருக்கிறது. நமக்குச் சுவருக்குச் சுவர் தொட்டில் கட்டியிருக்கிறது.

இன்னும் பெரிய காரணம் அன்று எழுந்து கேட்ட அந்த அம்மாள். கூட்டம் முடிந்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். சட்டம், வர்க்கம், பாரபட்சம் என்று நான் எடுத்துச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது நியாயம்தான் அண்ணா. பணக்காரன் வீட்டுல அது அவன் சம்பளத்துல நூத்துல ஒரு பங்கு. எங்க வீட்டுல அது அரிசி. கடை தூரத்துல இருந்தா போற வழியிலயாவது மனசு மாறும். திண்ணையிலயே ஊத்திக் கொடுத்தா எங்க போய் மாறும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. புத்தகம் படித்தவர்களிடமும் இருக்குமென்று தோன்றவில்லை. இந்த மாநிலத்தில் பெண்களுக்கு ஓர் ஆயுதம் இருக்கிறது: வார்டிலோ கிராமத்திலோ பாதிக்கு மேற்பட்ட பெண் வாக்காளர்கள் 'ஆட்வி பாட்லி'க்கு, அதாவது படுத்த பாட்டிலுக்கு, வாக்களித்தால் மதுக்கடையை மூட வேண்டும். மராத்திச் சகோதரிகள் பல ஊர்களில் அப்படி மூடியிருக்கிறார்கள். நம் வஸ்தி முனையில் 'சர்க்கார்மான்ய தேசி தாரு' என்று பலகை போட்டுக் காலை முதல் திறந்திருக்கும் கடைக்கு எதிராக நாம் இதுவரை ஒரு கையெழுத்து வாங்கியதுண்டா? பெண்கள் கேட்டபோதெல்லாம், 'நாம் வெளி மாநிலத்தார், நமக்கெதற்கு வம்பு' என்று தட்டிக் கழித்தவர்கள் யார்? நாம்தான், சங்கத்தின் ஆண்கள். ஓட்டுப் போட மட்டும் உள்ளூர்க்காரர், உரிமை கேட்க வெளியூர்க்காரரா?

குடிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று என்னைச் சிலர் சொல்வார்கள். நான் குடிப்பவனல்ல, எங்கள் வீட்டில் குடி என்ன செய்தது என்பதை மேலே பாதி சொல்லிவிட்டேன். குடி கெடுதல் என்பது வேறு, ஒரே காரியத்துக்கு ஒருவனைக் கலைஞன் என்றும் மற்றொருவனைக் கயவன் என்றும் சொல்வது வேறு. முதலாவதை எதிர்ப்பதற்காக இரண்டாவதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. இரண்டாவதை எதிர்ப்பதற்காக முதலாவதைத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை.

ஆகவே செயற்குழு முன் இரண்டு மனுக்களை வைக்கிறேன். ஒன்று, மாநில கலால் மந்திரிக்கு: காய்ச்சி வடிக்காமல் புளிக்க வைக்கும் பானங்களைச் சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவில் தயாரிப்பது பற்றி எல்லோருக்கும் ஒரே விதி வகுக்க வேண்டும், ஒன்று பங்களாவுக்கும் தடை, அல்லது குடிசைக்கும் அனுமதி. மெத்தனால் டாங்கர்களின் கணக்கை ஆலை வாசலிலேயே சரிபார்க்க வேண்டும். சாராய வழக்கில் விசாரணையில்லாக் காவலைக் கூலிக்குக் காய்ச்சியவர்மேல் ஏவக்கூடாது. இரண்டாவது மனு, வஸ்தி முனைக் கடைக்கு எதிராக 'ஆட்வி பாட்லி' வாக்கெடுப்புக் கோரி. இரண்டிலும் முதல் கையெழுத்து பெண்களுடையதாக இருக்கட்டும். ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போடுவேன் என்றாலும் அவர்கள் இஷ்டம்.

நம் இளைஞரைப் பற்றி: டாங்கி, குழாய், வெப்பம், சுத்தம் தெரிந்த கை அது. பிம்ப்ரி - சிஞ்ச்வட் பக்கம் பால் குளிரூட்டும் இடங்களிலும் பானக் கம்பெனிகளிலும் அந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். ஆறு வருஷம் வேலை செய்ததற்கு ஒரு சான்றிதழ்கூட அவரிடம் இல்லை; முதலாளியிடமிருந்து அதை வாங்கித் தருவது சங்கத்தின் கடமை. ஐடிஐயில் ஓராண்டுப் பயிற்சிக்கு அவர் மனுப் போட்டால் கடனுக்கு நானே ஜாமீன் நிற்கிறேன். கொட்டகையை அவர் விற்கக்கூடாது.

மனுக்களின் தமிழ், மராத்திப் படிகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கையெழுத்து. வாக்காளர் அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். இன்னும் ஊர் முகவரியிலேயே அட்டை வைத்திருப்பவர்கள் அதை மாற்றுவதற்கான படிவமும் அங்கேயே கிடைக்கும்.